அண்ணன் வளர்த்த நாய்

அண்ணனை அடக்கம் செய்த வாரத்திலேயே மலையிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்துவிட்டார். அண்ணன் குடியிருந்த வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும், புதிதாக வரும் வாத்தியாருக்கு அது தேவைப்படுகிறது என்றார். கேட்பதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது குரலில் தெரிந்தது. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்கவில்லை. நான் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கச்சிராயபாளையம் வழியாக மலையேறினேன்.

அண்ணன் கல்வராயன் மலையில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். கீழேயிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை பஸ்ஸில் ஏறிச் சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். மாறுதல் கிடைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து அங்கேயே தங்கிவிட்டவர். படிப்பை நிறுத்திவிட்டு மரவள்ளிக் காட்டுக்கும் வெளிமாநிலத்துக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப்போய்க் கூட்டிவந்து வகுப்பில் உட்கார வைத்தவர். ஒரு விடுமுறை நாள் காலையில் குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா பார்த்தபோது உயிர் இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தபோது மலையிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எங்களைவிட அவர்கள்தான் அதிகம் அழுதார்கள்.

அவருக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அண்ணி திருக்கோவிலூரில் தன் தாய்வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மலையில் இருக்க முடியாது என்று போய்விட்டாள் என்று எங்கள் பக்கம் பேசிக்கொண்டோம். அடக்கத்துக்கும் அண்ணி வரவில்லை. அதையும் பேசினார்கள்.

அந்த வீட்டில் எடுத்துவர அதிகம் இல்லை. ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, இரண்டு அலமாரி புத்தகம், மலைக்குளிருக்குப் போடும் பழுப்பு ஸ்வெட்டர், தோல் செருப்பு. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே பலா மரத்தடியில் ஒரு நாய் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. செவலை நிறம், பெட்டை. வளர்ந்து முதிர்ந்த நாய். ஒரு காது நுனியில் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அது எழவில்லை, குரைக்கவும் இல்லை. தாடையைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

பக்கத்து வீட்டு அம்மா கஞ்சிச் சட்டியோடு வந்தார். அண்ணன் போன நாளிலிருந்து அவர்தான் அதற்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

“இத்த இங்கியே உட்டுட்டுப் போய்டாதீங்க தம்பி. வாத்தியாரு நாய்னு யாரும் கிட்ட சேக்க மாட்டாங்க” என்றார்.

“பேரு இன்னாம்மா?”

“பேரெல்லாம் வெக்கல. வாத்தியாரு நாய்தான்.” அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்க அப்டியே வாத்தியாரு மாதிரியே கீறீங்க. பேச்சும் அதே பேச்சு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் வளர்த்த உயிர், அண்ணன் கையால் சாப்பிட்டது, அவர் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான். வேறெதையும் நான் யோசிக்கவில்லை. சங்கிலியை அவிழ்த்துத் தூக்கினேன். கட்டை போல விறைத்துக்கொண்டு தூக்கக் கொடுத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் நாய் வாந்தி எடுத்தது. நான் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்னால் போய் முகத்தைத் துடைத்தபோது தன் வாந்தியிலேயே ஒட்டிப் படுத்துக்கொண்டது.

நாங்கள் கள்ளக்குறிச்சியின் ஓரத்தில், ஊர் முடிந்து கரும்புத் தோட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறோம். நான் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாய் வண்டியிலிருந்து இறங்கியதும் நேராகத் தையல் மெஷினுக்கு அடியில் போய்ச் சுவரோடு சுவராகப் படுத்துக்கொண்டது. என் மனைவி அதை அங்கிருந்து விரட்டவில்லை. பெடல் மிதிக்கும்போது கால் இடிக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தைத்தாள்.

முதலில் சாப்பிடவே இல்லை. பிறகு நான் வீட்டில் இல்லாத நேரத்தில் சாப்பிட்டது. மனைவி சோற்றைப் பிசைந்து மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, “சாப்டு கண்ணு” என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தால் தட்டு காலியாக இருக்குமாம். நான் வைத்த சோறு மட்டும் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது தொண்டையைக் கனைப்பது எங்கள் வீட்டு ஆண்களின் பழக்கம். அப்பாவுக்கும் இருந்தது, அண்ணனுக்கும் இருந்தது. வேலை முடிந்து நான் கனைத்துக்கொண்டு வாசல் ஏறினால் நாய் இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். மனைவி கோணியைப் போட்டுத் துடைப்பாள்.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சொந்தக்காரர்கள் வீட்டில் நாயைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். என் சித்தப்பா ஒருவர், “வாயில்லா ஜீவன், எசமானையே நெனச்சிக்கினு கெடக்குது பாரு. உன் கொரல் கேட்டா அவன்னு நெனச்சி ஏங்குது” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். அண்ணன் வாசம் பட்டால் அதற்கு ஆறுதலாக இருக்கும் என்று, மார்கழிக் குளிரில் அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவருடைய செருப்பையும் போட்டுக்கொண்டேன், என் அளவுதான். ஆலைக்குப் போகாத நாட்களில் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதனிடம் அண்ணனைப் பற்றிப் பேசுவேன். சின்ன வயதில் எங்களோடு ஏரியில் நீந்தியது, எனக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம். பேசப் பேச அது நடுங்கும். அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நான் அழுவேன். இருவருக்கும் ஒரே துக்கம் என்று நினைத்தேன்.

தடுப்பூசி போடக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா அதை மேசைமேல் வைத்து விலாப்பக்கம் தடவிப் பார்த்தார். பிறகு வாலைப் பிடித்துப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார்.

“யாரு வளத்தது இத?”

“எங்க அண்ணன். தவறிட்டாரு.”

“விலா எலும்பு முறிஞ்சு கூடியிருக்குங்க. இங்க ஒண்ணு, இந்தப் பக்கம் ரெண்டு. வாலும் முறிஞ்சிருக்கு.”

“மலையில வண்டி எதுனா அடிச்சிருக்கும்.”

அவர் ஊசியை எடுத்துக்கொண்டே, “ஒரே தடவையில ஆனது மாதிரி தெரியல. எதுக்கும் பாத்து நடந்துக்குங்க. பயந்த நாய்தான் ஜாஸ்தி கடிக்கும்” என்றார்.

மலையில் ஆட்டுக்காரர்கள் கல்லெறிந்திருப்பார்கள், தெருநாயாக இருந்ததை அண்ணன் எடுத்து வளர்த்திருப்பார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நாயின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஆலையில் கரும்பு அரவை மும்முரமாக நடந்த மாதம் அது. காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். உள்ளறையில் பேன்ட்டை மாற்றுவதற்காக பெல்ட்டைக் கழற்றினேன். வழக்கமாக ஆலையிலேயே கைலிக்கு மாறிவிட்டு வருவேன், அன்றைக்கு அவசரத்தில் மாற்றாமல் அப்படியே வந்துவிட்டேன். பெல்ட்டின் பக்கிள் சத்தம் கேட்டதோ இல்லையோ, தையல் மெஷினுக்கு அடியிலிருந்து ஓர் அலறல் வந்தது. அந்த மாதிரிச் சத்தம் நாயிடமிருந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரும் அதைத் தொடவில்லை. நான் அது இருந்த அறையிலேயே இல்லை. ஓடி வந்து பார்த்தால் அது சுவரில் ஏற முயல்வது போல முன்கால்களால் பிராண்டிக்கொண்டிருந்தது. மெஷின் சாய்ந்துவிட்டது. என் மனைவி அதை அணைத்துப் பிடிக்கப் போனாள். என் கையில் இன்னும் பெல்ட் இருந்தது. என்னைப் பார்த்ததும் அது அவள் மணிக்கட்டைக் கவ்வியது.

நன்றாகவே கடித்துவிட்டது. தைப்பதற்கு வைத்திருந்த பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி ஊசி போட்டார்கள். திரும்பி வரும்போது தெருவில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

எதிர் வீட்டுக்காரர், “முனிசிபாலிட்டில சொன்னா வந்து புடிச்சிக்கினு போய்டுவாங்க. கொழந்தைங்க வெளையாடற தெருங்க இது” என்றார்.

“நாளைக்கே மலையில கொண்டுபோய் உட்டுர்றேன்” என்றேன் நான்.

என் மனைவி உள்ளே போனாள். நாய் குளியலறை மூலையில் முகத்தைச் சுவருக்குள் திணித்துக்கொண்டு நின்றது. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்தாள்.

“இத்த எங்கயும் அனுப்பக் கூடாதுங்க” என்றாள்.

“உன் கைய பாத்தியா? வலது கை. எப்டித் தைப்ப?”

“அது என்னியக் கடிக்கல. பயத்துல புடிச்சிக்கிச்சு.” என்னைப் பார்க்காமலே சொன்னாள். “நான் ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். அது அவரத் தேடலீங்க. உங்களப் பாத்தா அவருன்னு நெனச்சிக்கினு பயப்படுது.”

“எங்க அண்ணனப் பத்தி இன்னா பேசற நீ?” என்று கத்தினேன். அவளிடம் நான் அப்படிக் கத்துகிறவன் இல்லை. கத்தி முடிப்பதற்குள் நாயின் பின்கால்களுக்கு நடுவே சிறுநீர் ஒழுகி அவள் உட்கார்ந்திருந்த இடம்வரை வந்தது. அவள் நகரவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாயின் அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் அப்பா வேட்டிக்கு மேல் அகலமான தோல் பெல்ட் கட்டுவார், காசும் பீடிக்கட்டும் வைக்கப் பை வைத்தது. வெளியில் ரொம்ப மரியாதையான மனிதர். கோயிலில் ஜெபம் முன்னெடுப்பவர். வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு அந்த பெல்ட்டின் கொக்கியில் அவர் கை போகும்போது எனக்கு டவுசர் நனைந்துவிடும். அண்ணன் என்னை நெல் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றுகொள்வார். அவருக்கும் அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் இருக்கும். அந்த நாட்களை நினைத்தால் அண்ணனின் முகம் எனக்கு ஞாபகம் வருவதில்லை. அவர் முதுகுதான் வருகிறது. அடி விழும்போது அது அதிரும். அவர் அழ மாட்டார். அடித்து முடித்த பிறகு அப்பா எங்களுக்கு முட்டை வாங்கிவந்து கொடுப்பார்.

நாயை மலையில் விடவில்லை. ஆனால் வார விடுப்பு நாளில் நான் மட்டும் பஸ் ஏறி மலைக்குப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா களத்தில் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியே, “நாய் உசுரோட கீதா தம்பி?” என்பதுதான்.

“இருக்குதும்மா. எங்க அண்ணன் அத்த அடிப்பாரா?”

அவர் சாமையைக் காலால் பரப்பிக்கொண்டே இருந்தார். அண்ணனுடைய பழைய வீட்டில் இப்போது வேறு கொடியில் வேறு துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

“செத்தவரப் பத்தி இன்னா சொல்றது” என்றார்.

“நீங்க சொல்லித்தான் ஆவணும். நான் தெரிஞ்சிக்கினு போகத்தான் வந்தேன்.”

“பள்ளிக்கோடத்துல ஒரு பிள்ளைய ஒரு அடி அடிச்சதில்ல தம்பி அவரு. எம்பேத்திக்குக் காலேஜிக்கு அவருதான் கூட்டிக்கினு போய்ச் சீட்டு வாங்கிக் குடுத்தாரு. அத்த மறந்தா நான் மனுசி இல்ல.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “சாயங்காலம் வந்து கதவச் சாத்திக்குவாரு. தெனமும் இல்ல. சில நாளு. உள்ள அது கத்தும். பெல்ட்டு சத்தம் கேக்கும். அவரு சத்தம் ஒண்ணும் கேக்காது. திட்டக்கூட மாட்டாரு.”

“குடிப்பாரா?”

“தொட மாட்டாரு. குடிச்சிருந்தா குடிதான் காரணம்னு சொல்லிக்கினு இருந்திருப்போம்.”

“நீங்க யாரும் கேக்கலையா?”

“எங்க வூட்டுக்காரரு ஒரு தபா கேட்டாரு. ராவுல சுத்தப் போய்டுது, கண்டிக்கிறேன்னாரு. நாய்தானேன்னு நாங்களும் உட்டுட்டோம். வாத்தியார எப்டிக் கேக்கறது?” அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். “காலையில பாத்தா அவரே அதுக்கு மஞ்சப் பத்துப் போட்டுக்கினு இருப்பாரு. முட்டை வாங்கிக்கினு போவாரு, அதுக்கு அவிச்சிப் போடறதுக்கு. மடியில வெச்சிக்கினு அழுவாரு. நானே பாத்துக்கீறேன்.”

கீழே இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முட்டை என்று அவர் சொன்னது மட்டும் காதில் இருந்துகொண்டே இருந்தது.

அண்ணியைப் பார்க்கப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. என் மனைவியும் போக வேண்டாம் என்றுதான் சொன்னாள். “அவங்க நிம்மதியா இருப்பாங்க, இன்னாத்துக்குக் கிளறணும்?” என்றாள். அவள் சொன்னது சரி. நான்தான் கேட்கவில்லை. அண்ணியாவது அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லமாட்டாரா என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது.

திருக்கோவிலூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அண்ணி மாவு அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு காட்டி நின்று பாத்திரத்தில் மாவை வழித்துக்கொண்டிருந்தார். முடி முழுதும் நரைத்துவிட்டது. நான் படியேறும்போது வழக்கம்போலக் கனைத்தேன். அண்ணியின் கை அப்படியே நின்றது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. திரும்பிப் பார்க்கவே கொஞ்ச நேரமாயிற்று.

“நீங்களா தம்பி” என்றார்.

உட்கார ஸ்டூல் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அண்ணனைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நாயைப் பற்றிச் சொன்னேன். மலையிலிருந்து கொண்டுவந்தது, சாப்பிடாமல் இருந்தது, பெல்ட் சத்தம், மனைவியைக் கடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கிரைண்டர் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அண்ணி ஒரு கிரைண்டரை நிறுத்தினார். பிறகு இன்னொன்றையும் நிறுத்தினார்.

“எப்டிப் படுக்கும்?” என்று கேட்டார்.

“செவுத்த ஒட்டிக்கினு. மொகத்தச் செவுத்துப் பக்கமா வெச்சிக்கினு.”

“நானும் அங்க அப்டித்தான் படுப்பேன்” என்றார் அண்ணி.

வாடிக்கையாளர் ஒருவர் வந்து பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு போனார். அண்ணி சிரித்த முகமாக அவருக்கு மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பினார்.

“இப்ப சாப்டுதா அது?”

“என் வூட்டுக்காரி கையால சாப்டுது.”

“அது போதும். நீங்க எதுனா செய்யணும்னு கிட்டப் போவாதீங்க. நல்லவரா இருந்தாலும் போவாதீங்க. அதுவா வந்தா வரட்டும்.” கையைத் துடைத்துக்கொண்டார். “நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இனிமே இங்க வராதீங்க. உங்க மேல கோவம் ஒண்ணும் கெடையாது. அந்தக் கொரலு எனக்கு ஆவாது.”

“சரிங்க அண்ணி” என்றேன். படியிறங்கும்போது தொண்டை அடைத்தது, கனைக்கப் பயமாக இருந்தது. பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்வரை அப்படியே விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு நாங்கள் அந்த நாயோடு இருக்கக் கற்றுக்கொண்டதைப் பெரிய விஷயமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்வெட்டரையும் செருப்பையும் குப்பை வண்டியில் போட்டேன். வீட்டில் பெல்ட் கட்டுவதில்லை. ஆலையில் ஒரு பெட்டியில் அது கிடக்கிறது. துடைப்பத்தை மனைவி பின்கட்டில் நாயின் கண்ணில் படாமல் வைத்தாள். மெஷினுக்கு அடியில் மூன்று பக்கமும் பழைய சேலையைத் தொங்கவிட்டாள். வீட்டுக்கு வரும்போது கனைக்காமல் சைக்கிள் மணியை அடித்தேன். அண்ணனிடம் சைக்கிள் கிடையாது, அதனால் அந்தச் சத்தத்துக்கு அதனிடம் பழைய கணக்கு எதுவும் இல்லை. குரலை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. குரல் அப்பா கொடுத்தது. வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். மகள் விடுமுறைக்கு வந்தபோது, “அப்பா ஏம்மா ரகசியம் பேசற மாதிரியே பேசறாரு?” என்று கேட்டாள். மனைவி அவளிடம் எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் இருந்தாள்.

சோறு வைக்கும் வேலையை எதிர் வீட்டுக்காரர் சிரிக்கும்படியான ஒரு விதத்தில் செய்தேன். தட்டை வைத்துவிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பல வாரம் அது வரவேயில்லை. நான் எழுந்து போன பிறகுதான் வரும். வெயில் காலத்தில் ஒருநாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் அது அவசர அவசரமாகச் சாப்பிடுவது கேட்டது. எழுத்து ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, ஆனாலும் தட்டைச் சுத்தமாக நக்கி முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் சந்தோஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு உயிர் சாப்பிடுவதற்கு இவ்வளவு பாடா என்றுதான் இருவருக்கும் இருந்தது.

முதல் வருட நினைவு நாள் வந்தது. கோயிலில் பூசை வைத்தோம். மலையிலிருந்து மறுபடி வேனில் பிள்ளைகள் வந்தார்கள், கையில் காட்டுப்பூக்களோடு. இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பூசை முடிவில் எழுந்து, தன்னைக் கல்யாணம் கட்டிக்கொடுக்க இருந்த நேரத்தில் சார் தன் அப்பாவிடம் வந்து வாசலில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். சார் இல்லையென்றால் இன்றைக்கு நான் இல்லை என்றாள். அது உண்மை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பங்குச் சாமியார் என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார். நான் மைக் முன்னால் போய் நின்று, வந்தவர்களுக்கு நன்றி, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். அப்பாவின் கல்லறையும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் பூ வைத்தார்கள். என் கையில் கொடுத்த மாலையை நான் அண்ணன் சிலுவையில் போட்டேன். என்னை மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டவருக்காகப் போட்டேன். அது மலையில் கதவைச் சாத்திக்கொண்ட அந்த இன்னொரு ஆளுக்கும் சேர்ந்துதான் விழுந்தது. பிரித்துப் போட எனக்கு வழி தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

வீட்டில் பந்தி நடந்தபோது சித்தப்பா தையல் மெஷினின் சேலைத் திரையை விலக்கிக் குனிந்து பார்த்தார். “இன்னும் அவன் நெனப்புலதான் கெடக்குதா?” என்று கையை நீட்டினார். என் மனைவி பரிமாறும் கரண்டியோடு வேகமாக வந்து நடுவில் நின்றாள்.

“தொடாதீங்க மாமா. அதுக்குப் புடிக்காது.”

“நான் இன்னா பண்ணப் போறேன்? நன்றியுள்ள ஜீவன்.”

“புடிக்காதுன்னா உட்டுருங்க” என்றாள் அவள். அவள் பெரியவர்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பா முகம் சுண்டிப்போய் இலைக்குத் திரும்பினார். அவரிடம் அப்போதே எழுந்து சொல்லிவிடலாமா என்று இருந்தது. மலைப் பிள்ளைகள் அடுத்த வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போனேன்.

இது நடந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நாய்க்கு மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. மனைவியின் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, கத்தரிக்கோலை அழுத்திப் பிடிக்கும்போது வலிக்கிறது என்கிறாள். நான் தரையில் படுத்திருந்தால் நாய் அறைக்குள் வந்து போகும். நான் எழுந்து நின்றால் போய்விடும். ஒருமுறை மழையில் இடி இடித்தபோது மனைவி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அது மெஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. நான் மெல்லத் தரையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு வந்து, என்னைத் தொடாமல், ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டது. அதன் நடுக்கம் தரை வழியாக எனக்குத் தெரிந்தது. அது இடிக்காக நடுங்கியதா எனக்காகவா என்று சொல்ல முடியாது. மனைவி நனைந்துகொண்டே வந்து கதவைத் திறக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.